சின்சில்லா கிட்டயே அண்ட மாட்டேங்குதா? எந்த வழில பழக்குறதுன்னு ஒரு கம்பேரிசன்

என் சித்தி பொண்ணு கனடாவுல கால்கரில இருக்கா. போன மாசம் ஒரு சின்சில்லா (எலி, அணில் மாதிரி கொறிக்கிற வகைல மொசுமொசுன்னு ஒரு பிராணி) வாங்கிட்டா, வாங்குன நாள்ல இருந்து தினம் ராத்திரி எனக்கு வாய்ஸ் மெசேஜ்தான். "அக்கா, அது பொட்டிக்குள்ள இருந்து தலையே நீட்ட மாட்டேங்குது", "அக்கா, கைய உள்ள விட்டா நாய்க்குட்டி மாதிரி குலைக்குது", "அக்கா, யூடியூப்ல ஒருத்தர் தினம் தூக்குங்க அப்பதான் பழகும்ங்கிறார், இன்னொருத்தர் தொடவே தொடாதீங்கங்கிறார், நான் எதைத்தான் பண்றது". நானும் பஸ்ல போகும்போது, சாம்பார் கொதிக்கும்போதுன்னு துண்டு துண்டா பதில் சொல்லிட்டே இருந்தேன். நேத்துதான் தோணுச்சு, எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டா அவளுக்கும் ஆச்சு, அவள மாதிரி முழிச்சிட்டு இருக்கிற வேற யாருக்காவதும் ஆச்சு.

மொதல்லயே சொல்லிடுறேன், நான் வெட் (மிருக டாக்டர்) கிடையாது, குட்டி போட வச்சு விக்கிற ப்ரீடரும் கிடையாது. டொரன்டோவுல ஸ்கார்பரோ பக்கம் ஒரு பேஸ்மென்ட் வீட்ல மூணு வருஷமா ஒரு சின்சில்லாவோட குடித்தனம் பண்றவ, அவ்ளோதான். அவ பேரு மிளகு. சாம்பல் கலர், வயிறு மட்டும் வெள்ளை. முன்னாடி வச்சிருந்தவங்க வீடு மாறுறாங்கன்னு ரெண்டு வயசுல எங்ககிட்ட குடுத்துட்டாங்க. அங்க அவள எப்படி வச்சிருந்தாங்கன்னு எங்களுக்குத் தெரியாது, ஆனா வந்த முதல் ஆறு வாரம் அவ மூஞ்சிய விட முதுகதான் அதிகமா பாத்தோம். அம்மாவுக்கு வீடியோ கால்ல காட்டுனா "இதென்னடி, நம்மூரு அணிலு கம்பளி போத்துன மாதிரி இருக்கு"ன்னாங்க. அத விட சரியா யாரும் இதுவரைக்கும் சொல்லல.

இதுல முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் புரிஞ்சா மீதி எல்லாம் ஈசி. நாய் மனுசன் கூட ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கு. சின்சில்லா அப்படி இல்ல. இதோட சொந்த ஊர் சிலி நாட்டு ஆண்டிஸ் மலைப் பக்கம், பாறை இடுக்குல கூட்டம் கூட்டமா இருக்கும், மேல இருந்து ஆந்தை, கீழ இருந்து நரின்னு வாழ்க்கையே ஓட்டந்தான். 1923-ல மத்தியாஸ் சாப்மன்னு ஒரு அமெரிக்க சுரங்க இன்ஜினியர், 11 சின்சில்லாவ உஷ்ணம் தாங்காதேன்னு மலைல இருந்து கொஞ்சம் கொஞ்சமா கீழ இறக்கி கப்பல்ல கலிஃபோர்னியாவுக்குக் கொண்டு போனார். இங்க நம்ம வீட்டுக்கு வர்ற சின்சில்லாக்கள்ல பெரும்பாலும் அந்த வம்சந்தான்னு சொல்லுவாங்க. அவர் கொண்டு வந்தது செல்லமா வளக்க இல்ல, தோலுக்காக. அதனால நூறு வருஷமா முடி எப்படி இருக்குன்னு பாத்துத்தான் ஜோடி சேத்தாங்களே தவிர, மனுசன்கிட்ட ஒட்டுதான்னு பாத்து இல்ல. இப்ப உங்க கூண்டுக்குள்ள இருக்கிறது ஒரு காட்டுப் பிராணியோட பயத்துல முக்கால்வாசிய அப்படியே வச்சிருக்கிற ஒண்ணு. அது உங்களப் பாத்து ஒளிஞ்சா உங்க மேல கோபம்னு அர்த்தம் இல்ல, அதுக்கு மூளை நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

சரி, வழிகளுக்கு வருவோம். நான் பாத்த வரைக்கும் ஆளுங்க சொல்றது அஞ்சு வழி. கூண்டு பக்கத்துல சும்மா உக்காந்து பழக்குறது, தீனி குடுத்து பழக்குறது, பிடிச்சு தூக்கி தூக்கி பழக்குறது, ஒரு சின்ன ரூம்ல அவுத்து விட்டு கூட உக்காருறது, தொணைக்கு இன்னொண்ணு வாங்குறது. இதுல நாலு நான் பண்ணிப் பாத்தேன், அஞ்சாவது காசு குடுக்கிற அளவுக்குப் போயி திரும்பி வந்தேன்.

தூக்கி தூக்கி பழக்குறதுல ஆரம்பிக்கிறேன், ஏன்னா எல்லாரும் மொதல்ல பண்றதும் இதுதான், நானும் இதத்தான் பண்ணேன். லாஜிக் கேக்க நல்லாத்தான் இருக்கும், தினம் பத்து நிமிஷம் பிடிச்சு வச்சிருந்தா பயம் தெளிஞ்சிடும்னு. பிறந்த குட்டியா இருந்தா இது ஓரளவு நடக்கும், ப்ரீடர்ங்க குட்டிங்கள தினம் எடுத்து எடை போடுவாங்க, அப்படி கை பட்டு வளந்தது பெருசானப்புறமும் கைக்கு மிரளாது. ஆனா ஏற்கனவே மிரண்டு போயிருக்கிற பெரிய சின்சில்லாகிட்ட இதப் பண்ணா நடக்கிறது வேற. மேல இருந்து வர்ற கை அதுக்கு கை இல்ல, ஆந்தை. நான் மூணாவது நாள் மிளக கூண்டு மூலைல அமுக்கிப் பிடிச்சேன், ஒரே ஒரு துள்ளு, அவ மேல் தட்டுல இருக்கா, என் கைல ஒரு கொத்து முடி இருக்கு. ஐயோ தோலோட பிச்சிட்டேனோன்னு எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, பயந்தா முடிய கொத்தா உதுத்துட்டு ஓடுறது அதுங்களோட தற்காப்பு, பல்லி வால விட்டுட்டு ஓடுற மாதிரி. ரத்தம் எல்லாம் வராது, ஆனா அந்த எடம் மொட்டையா, வழவழன்னு இருக்கும், முழுசா வளர மாசக்கணக்காகும். அந்த மொட்டைய நான் தினம் பாத்துக்கிட்டே இருந்தேன், அதுவே எனக்கு நல்ல தண்டனை.

முடி மட்டும் இல்ல, விலா எலும்பு ரொம்ப மெல்லிசு, இறுக்கிப் பிடிச்சா உள்ள அடி படும். பொம்பள சின்சில்லா ரொம்ப மிரண்டா பின்னங்கால்ல எந்திரிச்சு நின்னு நேரா மூஞ்சிக்கு மூத்திரத்த பீச்சும், குறி தப்பாது, எங்க வீட்டுக்காரர் கண்ணாடி போட்டிருந்ததால தப்பிச்சார். இதுல சில பேர் சுகர் கிளைடருக்கு (மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கிற ஒரு குட்டிப் பிராணி) போடுற துணிப் பைய கழுத்துல மாட்டி அதுக்குள்ள சின்சில்லாவ வச்சு வீடு பூரா சுத்துங்கன்னு சொல்றாங்க, தயவுசெஞ்சு வேணாம். ஒரு மயிர்க்கால்ல இருந்தே 50-க்கு மேல முடி மொளைக்கிற பிராணி அது, வேர்வையும் கிடையாது, 25 டிகிரிக்கு மேல போனாலே அதுக்கு ஆபத்து, அத துணில சுத்தி நம்ம உடம்பு சூட்டோட ஒட்டி வச்சா என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க. பிராணிய உள்ள விட்டு உருட்டி விடுற பிளாஸ்டிக் பந்தும் அதே கதைதான்.

தூக்கவே கூடாதுன்னு சொல்ல வரல. வெட் கிட்ட போகணும், காலு பாக்கணும்னா தூக்கித்தான் ஆகணும். ஒரு கை நெஞ்சுக்கு அடில, இன்னொரு கை பின்னங்கால தாங்கி, நம்ம உடம்போட அணைச்ச மாதிரி. வாலப் பிடிக்கணும்னா வால் உடம்போட சேர்ற அடிப்பகுதி மட்டும், நுனியப் பிடிச்சா வாலே போயிரும். இது அவசியத்துக்குப் பண்றது. பழக்குறதுக்கு இது வழி இல்ல.

அடுத்தது இதுக்கு நேர் எதிர், சும்மா உக்காருறது. கூண்டு பக்கத்துல தினம் ராத்திரி ஒரே நேரத்துல உக்காந்து புக் படிக்கிறது, ஃபோன் பேசுறது, எதுவுமே அதுகிட்ட கேக்காம இருக்கிறது. எங்க ஆச்சிய நினைச்சுக்கிட்டேன் அப்ப. தென்காசில ஆச்சி வீட்டு திண்ணைல அவங்க சாப்பிடும்போது நாலு பருக்கை சோத்த தூண் ஓரமா வச்சுட்டு அந்தப் பக்கமே திரும்பாம சாப்பிடுவாங்க, அணில் வந்து எடுத்துட்டுப் போகும், நாங்க பிள்ளைங்க ஓடிப் போயி பிடிக்கப் பாத்தா அன்னைக்கு பூரா வராது. "நீ பாக்காத மாதிரி இருடா, அது உன்னப் பாக்கும்"பாங்க. இது சின்சில்லாவுக்கு அச்சு அசலா பொருந்துது. நேரா கண்ணப் பாத்து உத்துப் பாத்தா அதுக்கு நாம வேட்டைக்காரன், பக்கவாட்டுல உக்காந்து ஃபோன நோண்டுனா நாம ஒரு பாறை.

இதோட நல்லது என்னன்னா ஆபத்தே கிடையாது, எந்த வயசு சின்சில்லாவுக்கும் பண்ணலாம், காசும் இல்ல. கெட்டது, பொறுமை. முதல் மூணு வாரம் ஒண்ணுமே நடக்காது, நீங்க ஒரு கூண்டு பக்கத்துல உக்காந்து சீரியல் பாத்துட்டு இருக்கிற ஆளு, அவ்ளோதான். இன்னொண்ணு, நேரம். இதுங்க சாயங்காலமும் விடிகாலையும்தான் முழிப்பு, பகல்ல தூங்கும். வேலை முடிச்சு வந்து மத்தியானம் மூணு மணிக்கு கூண்டத் தட்டி "மிளகு மிளகு"ன்னு கூப்புட்டா அது பழக்குறது இல்ல, தூங்குறவன எழுப்பி கல்யாணப் பத்திரிகை குடுக்கிறது. நைட் ஷிஃப்ட் போறவங்களுக்கு இந்த வழி ரொம்ப கஷ்டம். அப்புறம் இது மட்டுமே பண்ணா ஒரு எல்லையோட நின்னுடும், உங்களக் கண்டு ஓடாது ஆனா உங்ககிட்ட வரவும் வராது. எங்களுக்கு அஞ்சாவது வாரம் அப்படித்தான் நின்னுது, நான் உக்காந்திருக்கும்போதே அவ வெளிய வந்து ஹே (காய்ஞ்ச புல்) திம்பா, நான் விரல அசைச்சா உள்ள.

தீனி வழிதான் எல்லாருக்கும் பிடிச்ச வழி, சீக்கிரமா ரிசல்ட் தெரியும். ஆனா இதுல ஒரு கண்ணி இருக்கு. பழைய புக்குல, கடைக்காரங்க வாய்ல எல்லாம் உலர்திராட்சை குடுங்கன்னு வரும். நானும் பாயசத்துக்கு வாங்குனதுல இருந்து ரெண்டு எடுத்துக் குடுத்தேன், ஆஹா என்னா வேகமா வந்து வாங்குனா. அடுத்த நாள் புழுக்கை எல்லாம் சின்னதா பிசுபிசுன்னு. சின்சில்லாவோட வயிறு காய்ஞ்ச புல்லுக்குன்னே ஆனது, சர்க்கரையும் கொழுப்பும் போனா உள்ள நொதிச்சு கேஸ் அடைக்கும், அத ஏப்பமா வெளிய விடவோ வாந்தி எடுக்கவோ அதால முடியாது. பாதாம், முந்திரி, சூரியகாந்தி விதை எல்லாமே வேணாம். குடுக்கலாம்னா ஒரு காய்ஞ்ச ரோஸ்ஹிப் (ரோஜாச் செடியோட காய்), காய்ஞ்ச செம்பருத்திப் பூவுல ஒரு இதழ், ஓட்ஸ் ஒரே ஒரு செதில், ஆப்பிள் மரக் குச்சி, அவ்ளோதான். செம்பருத்தி அம்மா ஊர்ல இருந்து நிழல்ல காயவச்சு அனுப்புறேன்னாங்க, தோட்டத்துல என்ன மருந்து அடிச்சாங்களோ தெரியாது, கஸ்டம்ஸ்ல வேற பதில் சொல்லணும், இங்கயே விலங்குகளுக்குன்னு விக்கிறத வாங்கிக்கிட்டேன். ஆறு மாசத்துக்கு கீழ உள்ள குட்டிக்கு இந்த மாதிரி எக்ஸ்ட்ரா எதுவுமே வேணாம்.

இத விட நல்ல ஐடியா ஒண்ணு பின்னாடிதான் கண்டுபிடிச்சேன், தனியா ட்ரீட்டே தேவையில்ல. தினம் குடுக்கிற பெல்லட் (அரைச்சு உருட்டுன ரெடிமேட் தீனி) இருக்குல்ல, ஒரு ரெண்டு டேபிள்ஸ்பூன், அதுலயே பத்து உருண்டைய எடுத்து வச்சுக்கிட்டு சாயங்காலம் கைல வச்சு குடுக்கிறது. வயித்துக்கும் ஒண்ணும் இல்ல, அதுக்கும் கை மேல ஒரு மரியாதை வரும். மொதல்ல கூண்டுக் கதவுல வைக்கிறது, அப்புறம் விரல் நுனி, அப்புறம் விரிச்ச உள்ளங்கை. கைய தரையோட தாழ்த்தி நீட்டணும், மேல இருந்து இறக்கக் கூடாது.

ஆனா தீனி வழி மட்டும் போதுமான்னு கேட்டா எனக்கு திருப்தி இல்ல. மிளகு ஒரு கட்டத்துல கழுத்த மட்டும் இழுத்து நீட்டி, பின்னங்கால உள்ளயே வச்சுக்கிட்டு, பெல்லட்ட பிடுங்கிட்டு ஓடிடுவா. ஏடிஎம்ல காசு எடுத்துட்டுப் போற மாதிரி. கைல தீனி இல்லன்னா என்னைய யாருன்னே தெரியாது. எங்க பாப்பா (அப்ப அவளுக்கு 9 வயசு) "அம்மா அவளுக்கு நம்மள பிடிக்கல, பெல்லட்டத்தான் பிடிக்கும்"னு மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டா. குழந்தைங்க இருக்கிற வீட்ல தீனி வழில இன்னொரு தொல்லை, நாம பாக்காதப்ப அதுங்க பாசத்துல பத்து தடவ குடுத்துடும். டப்பாவ எட்டாத எடத்துல வைங்க.

இப்ப நான் ஓட்டுப் போடுற வழி, பாத்ரூம். சிரிக்காதீங்க, சின்சில்லா வளக்கிறவங்கள்ல நிறைய பேர் பாத்ரூம் தரையிலதான் வாழ்க்கையக் கழிக்கிறாங்க. ஏன் பாத்ரூம்னா சின்ன எடம், கதவு சாத்தலாம், வயர் கிடையாது, கடிக்க மரம் கம்மி, சோஃபா அடி பீரோ சந்துன்னு காணாமப் போக எடம் இல்ல, டைல்ஸ் குளுகுளுன்னு இருக்கும். விடுறதுக்கு முன்னாடி டாய்லெட் மூடிய மூடணும் (இத ரெண்டு தடவ செக் பண்ணுங்க, உள்ள விழுந்தா ஏற முடியாது), குளிக்கிற டப்ல சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது, ஷாம்பு ஃபினாயில் எல்லாம் வெளிய, கால்மிதிய எடுத்துடணும் ஏன்னா அதத் தின்னுடும், சிங்க்குக்கு அடில பைப் போற ஓட்டைய அடைக்கணும். ராத்திரி எட்டு மணிக்கு மேல நீங்க உள்ள போயி தரைல சுவத்துல சாஞ்சு காலை நீட்டி உக்காந்துக்கணும், உக்காந்துட்டு ஒண்ணும் பண்ணக் கூடாது.

மேல சொன்ன சும்மா உக்காருறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா, கூண்டு அதோட வீடு, அங்க நாம கைய விடுறது அடுத்தவன் வீட்டுக்குள்ள ஜன்னல் வழியா தலைய விடுற மாதிரி. பாத்ரூம்ல அது நம்மகிட்ட வருது. ஓடணும்னா ஓட எடம் இருக்கு, நாம பின்னாடி வர மாட்டோம்னு அதுக்கு ரெண்டு மூணு நாள்ல தெரிஞ்சிடும். அப்புறம் இந்தப் பிராணிக்கு இருக்கிற ஆர்வக் கோளாறு இருக்கே, அத அதாலயே அடக்க முடியாது. சின்ன ரூம்ல ஏறிக் குதிக்க இருக்கிற ஒரே பெரிய பொருள் நீங்கதான். மிளகு நாலாவது நாள் என் கால் கட்டவிரல மோந்து பாத்தா, ஆறாவது நாள் முழங்கால்ல ஏறி ஒரு செகண்ட் நின்னா, பத்தாவது நாள் தோள்ல ஏறி காதுக் கம்மலக் கடிச்சா. ஆறு வாரத்துல கூண்டு பக்கத்துல நடக்காதது பத்து நாள்ல பாத்ரூம்ல நடந்துது. அந்த ஆறு வாரம் உக்காந்தது இதுக்கு அஸ்திவாரமா இருந்திருக்கலாம், அத நான் மறுக்கல, ஆனா கைல தீனி இல்லாம அவளா வந்தது இங்கதான்.

அந்தச் சமயத்துல கை மேல ஏறுனா உடனே தடவப் போகாதீங்க. பல்லால மெல்ல மெல்ல நெருடி நெருடி பாக்கும், அது கடி இல்ல, இது என்ன ஆளுன்னு டெஸ்ட் பண்றது, பாசத்துலயும் அப்படித்தான் பண்ணும். வெடுக்குன்னு கைய இழுத்தா அதுக்கும் பயம். தொட்டே ஆகணும்னா தாடைக்கு அடில, நெஞ்சுப் பக்கம், ஒரு விரல்ல. தலை மேல, முதுகு மேல வேணாம், மறுபடி ஆந்தை ஞாபகம் வந்துடும். தாடைல சொறிஞ்சு குடுத்தா மூக்க மேல தூக்கி கண்ணச் சொக்கி நிக்கும் பாருங்க, அதப் பாத்தப்புறம்தான் எங்க பாப்பா பெல்லட் பேச்ச விட்டா.

எல்லாம் சரி, அவுத்து விட்டதத் திரும்ப கூண்டுக்குள்ள எப்படிப் போடுறது? இங்கதான் நிறைய பேர் பண்ண நல்லதெல்லாத்தையும் கெடுத்துடுறாங்க. அரை மணி நேரம் அருமையா பழகிட்டு கடைசில அஞ்சு நிமிஷம் துரத்திப் பிடிச்சா, அதுக்கு ஞாபகம் இருக்கப் போறது அந்த அஞ்சு நிமிஷந்தான். இதுக்கு மண் குளியல் டப்பாவ உபயோகிங்க. சின்சில்லா தண்ணில குளிக்காது, குளிக்கவும் வைக்கக் கூடாது, ஈரம் அந்த அடர்த்தியான முடிக்குள்ள காயாம பூஞ்சை வரும். எரிமலைச் சாம்பல் மாதிரி நைஸான ஒரு தூள் விப்பாங்க, அதுல உருண்டு புரண்டுதான் சுத்தமாகும், வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ, ஒவ்வொரு தடவையும் பத்து பதினைஞ்சு நிமிஷம். பீச் மண்ணு, டால்கம் பவுடர் எல்லாம் ஆகாது. அந்த டப்பாவ கூண்டுல வைக்காம, பாத்ரூம் நேரத்தோட கடைசில கொண்டு வந்து வைங்க. அதுவே குதிச்சு உள்ள போயி உருளும், ஆட்டம் முடிஞ்சு அசந்து நிக்கும்போது டப்பாவோட தூக்கிக் கொண்டு போயி கூண்டுக் கதவுல வைங்க. பிடிக்கவே வேணாம். தூள் இல்லாத நாள்லயும் அதே டப்பாவ காலியா வச்சு உள்ள ரெண்டு பெல்லட் போட்டா போதும், ஏறிடும். எடை பாக்குறதும் எனக்கு இப்ப இப்படித்தான், டப்பாவோட கிச்சன் தராசுல வச்சு டப்பா எடையக் கழிச்சுப்பேன். மிளகு 560 கிராம், நாலு வாரமா அதே.

பாத்ரூம் வழிலயும் குறை இருக்கு. ஆரம்பத்துல பதினைஞ்சு நிமிஷத்துக்கு மேல விடாதீங்க, ஓடி ஓடி உடம்பு சூடாயிடும், காது உள்பக்கம் செவந்துச்சுன்னா நிறுத்திடணும். யாராவது சுடுதண்ணில குளிச்ச உடனே விடக் கூடாது, ஈரமும் சூடும் ரெண்டுமே ஆகாது. வீட்ல நாலு பேருக்கு ஒரே பாத்ரூம்னா ராத்திரி எட்டரைக்கு வெளிய க்யூ நிக்கும், கதவத் தட்டுவாங்க, ஒவ்வொரு தட்டுக்கும் அது டப்புக்குப் பின்னாடி ஒளியும். அப்புறம் தரை. எனக்கு நாப்பது தாண்டிடுச்சு, டிசம்பர் மாசம் டைல்ஸ் மேல அரை மணி நேரம் உக்காந்தா எந்திரிக்க சிங்க்கப் பிடிக்கணும். யோகா மேட் போட்டேன், அதத் தின்னப் பாத்தா.

தொணைக்கு இன்னொண்ணு வாங்குறதப் பத்தி கொஞ்சம் சொல்லிட்டு முடிச்சிக்கிறேன், ஏன்னா இத ஆளுங்க ஒரு ஷார்ட்கட்டா நினைக்கிறாங்க. கூட்டமா வாழுற பிராணிதான், ஜோடி இருந்தா அதுக்கு சந்தோஷம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அதுக்கு சந்தோஷம்ங்கிறதும் உங்ககிட்ட பழகுறதுங்கிறதும் வேற வேற. தைரியமான ஒண்ணப் பாத்து கூச்சப்படுறதும் வெளிய வர்றது உண்டு, ரெண்டும் சேந்து உங்களக் கண்டுக்காம தனி ராஜ்யம் நடத்துறதும் உண்டு. செலவு ரெட்டிப்பு, புதுசா வர்றத மொதல்ல ஒரு மாசம் வேற ரூம்ல தனியா வச்சு நோய் எதுவும் இல்லன்னு பாக்கணும், அப்புறம் ரெண்டு கூண்ட கொஞ்சம் இடைவெளி விட்டு வச்சு வாசனை பழகணும், அப்புறம்தான் பொதுவான எடத்துல சந்திப்பு. அவசரப்பட்டு ஒரே கூண்டுல போட்டா கொலையே நடக்கும், மிகையா சொல்லல. ஆண் பெண்ணா சேத்தா 111 நாள்ல குட்டி, குட்டி போட்ட கையோட அடுத்த கர்ப்பமும் ஆகும். நான் ஒரு பொட்டச்சி சின்சில்லாவ பேசி முடிச்சு அட்வான்ஸ் குடுக்கப் போனப்ப இவர் கேட்டார், "இது ஒத்துக்கலன்னா ரெண்டு கூண்ட இருபது வருஷம் வச்சிருப்பியா"ன்னு. இதுங்க ஆயுசு 15, 20 வருஷம் போகும். எங்க பேஸ்மென்ட்ல எடம் கிடையாது, திரும்பி வந்துட்டேன். உங்களுக்கு எடமும் காசும் இருந்து, சின்சில்லா தனியா இருக்கேன்னு நினைச்சு வாங்குனா நல்ல விஷயம். இருக்கிறது கூச்சப்படுதேன்னு வாங்குனா, கூச்சப்படுறது ரெண்டாகவும் வாய்ப்பு இருக்கு.

ஒரு விஷயம் விட்டுப் போகக் கூடாது. ஏற்கனவே நல்லா பழகுன சின்சில்லா திடீர்னு ஒதுங்குனா அது கூச்சம் இல்ல, வலி. பல்லு வாழ்நாள் பூரா வளந்துட்டே இருக்கும், கோணலா வளந்தா வாய் ஓரம் எச்சில் வடியும், தாடை ஈரமா இருக்கும், ஹே தின்னாது. புழுக்கை கம்மியானாலோ, ஒரு நாள் சாப்பிடலன்னாலோ பழக்குறத எல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டு எக்ஸாடிக் வெட் (இந்த மாதிரி வித்தியாசமான பிராணிங்களப் பாக்குற டாக்டர்) கிட்ட ஓடுங்க. நாய் பூனை மட்டும் பாக்குற எடத்துக்குப் போனா நேரந்தான் போகும், அதனால இப்பவே நம்பர் எடுத்து வச்சுக்கோங்க.

என் சித்தி பொண்ணு கேஸுக்கு வர்றேன். அவளோடது அஞ்சு மாச ஆண் குட்டி, மனுசக் கை பட்டு வளந்ததுதான், வந்து மூணு வாரந்தான் ஆச்சு. மிளகு மாதிரி பழைய பயம் எதுவும் இருக்க வாய்ப்பு கம்மி. அதனால அவளுக்கு ஆறு வாரம் எல்லாம் உக்கார வேணாம், இன்னும் ஒரு வாரம் கூண்டு பக்கத்துல உக்காரட்டும், பெல்லட் மட்டும் கைல குடுக்கட்டும், ட்ரீட் வேணாம், அப்புறம் நேரா ரூம்ல விடலாம். இதுல சிக்கல் அவளுக்கு ரெண்டு பசங்க, ஒரே பாத்ரூம். ப்ளேபென் (வேலி மாதிரி மடக்கி வைக்கிற அடைப்பு) வாங்கட்டுமான்னு கேட்டா, மேல மூடி இல்லன்னா வேஸ்ட், அது நின்ன எடத்துல இருந்தே நாலஞ்சு அடி தாவும்னு சொன்னேன். கூடாரம் மாதிரி இருக்கிறதப் பத்தி யோசிச்சோம், துணியக் கடிச்சு ஓட்டை போட்டுடும். கடைசில அவ பெட்ரூம்ல வாக்-இன் க்ளாசெட் (துணி வைக்கிற சின்ன ரூம்) இருக்கு, கதவு இருக்கு, ப்ளக் பாயின்ட் இல்ல, தரை கார்பெட்டும் இல்ல, அதக் காலி பண்ணா கச்சிதமா இருக்கும்னு முடிவாச்சு. நேத்து ராத்திரி மறுபடி வாய்ஸ் மெசேஜ், இந்தத் தடவ சின்சில்லா பத்தி இல்ல. "அக்கா, க்ளாசெட்ட காலி பண்ணிட்டேன், கல்யாணப் பட்டுப் புடவை எல்லாம் எங்க வைக்கிறது, அவர் கேரேஜ்ங்கிறார், நீ சொல்லு."